நல்ல இடம் எது?

லண்டனில் 'நல்ல இடம்' எது என்றால் பலரும் கென்சிங்டனைத்தான் சொல்வார்கள். அரண்மனை, பூங்கா, நூதனசாலைகள், பக்கத்திலேயே சுரங்க ரயில். அப்படியொரு முகவரியைக் கேட்டாலே நாமும் வியந்து போகிறோம்.

அதே கென்சிங்டன் - செல்சி நகரசபையின் கீழ்தான் கிரென்ஃபெல் டவரும் இருந்தது. 24 மாடி. வாழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் வசதி குறைந்தவர்கள். 2016இல் முடிந்த புனரமைப்பில் வெளிச்சுவருக்குப் புதிய தகடுகள் போட்டார்கள். கட்டடத்தை அழகாகக் காட்டுவதும் அதன் ஒரு நோக்கம். தகடுகளின் நடுவே இருந்ததோ தீப்பற்றும் பொலித்தீன். குடியிருப்பாளர்கள் தீ ஆபத்தைப் பற்றி முன்னரே எச்சரித்தும் இருந்தார்கள்.

2017 ஜூன் 14, ரமழான் இரவு. நான்காம் மாடியில் பிடித்த தீ வெளிச்சுவர் வழியே உச்சி வரை ஏறியது. ஸஹருக்காக விழித்திருந்த சிலர் அயலவரின் கதவுகளைத் தட்டி எழுப்பினார்கள். அப்படியும் 72 உயிர்கள் போயின. அத்தனையும் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் என்றது 2024இல் வந்த விசாரணை அறிக்கை.

வீடு தேடும்போது ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்கிறோம். அங்குள்ள ஏழையின் முறைப்பாட்டை நகரசபை காதில் வாங்குமா என்றும் கேட்போம். வாங்காத ஊரை நல்ல இடம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.