அன்பளிப்பா, கூலியா?



சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் எங்கள் மக்தப் மதரஸாவுக்கு ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் வந்தார்கள். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் பள்ளிக் கட்டணத்தையும் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள உதவும் செயலி ஒன்றைத் தங்கள் நிறுவனம் உருவாக்கி வருவதாகச் சொன்னார்கள். தாய்மார்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை அருகில் இருந்து பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டுமாம். இதற்குப் ‘பயனர் ஆய்வு’ என்று பெயர். பன்னிரண்டு தாய்மார்கள் வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒன்றரை மணி நேரம் ஆகும், முடிவில் ‘கிஃப்ட் உண்டு’ என்றார்கள்.

நல்ல காரியம்தானே என்று பெற்றோரிடம் சொன்னேன். ஹஸ்ரத் சொல்கிறார் என்பதற்காகவே பன்னிரண்டு பேரும் வந்தார்கள். எங்களுடையது பீடி சுற்றும் ஊர். வந்தவர்களில் பாதிப் பேர் பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்தவர்கள். பீடிக்கு நாள் சம்பளம் கிடையாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கை நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

மூன்றாம் நாள் எல்லோருக்கும் குறுஞ்செய்தியில் 500 ரூபாய் வவுச்சர் வந்தது. இணையத்தில் துணி விற்கும் ஒரு கடைக்கு உரியது அது. 1500 ரூபாய்க்குக் குறையாமல் வாங்கினால்தான் அந்த 500 ரூபாய் கழிக்கப்படும். முப்பது நாட்களில் காலாவதியாகிவிடும். ஒரு வாரம் கழித்து, மகனை மதரஸாவில் விட வந்த ஒரு தாய் வாசலில் தயங்கி நின்றார். “ஹஸ்ரத், இத எந்தக் கடையில குடுத்து மாத்தணும்?” என்று கேட்டார். குறை சொல்லும் தொனியே அதில் இல்லை. அதனால்தான் அக்கேள்வி என்னை அதிகம் சுட்டது.

நிறுவனத்தாரைத் தொடர்பு கொண்டேன். மரியாதையாகவே பேசினார்கள். “அது கூலி அல்ல, எங்கள் அன்பின் அடையாளம். அன்பளிப்பில் குறை காணலாமா?” என்று கேட்டார்கள். இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான என் பதில்.

பெயரை மாற்றினால் பொருள் மாறாது

அன்பளிப்பு என்பது எதையும் எதிர்பாராமல் கொடுப்பது. ஒருவரை அழைத்து, உட்கார வைத்து, ஒன்றரை மணி நேரத்தையும் அவருடைய அனுபவ அறிவையும் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுத்தால் அது அன்பளிப்பு ஆகாது. ஃபிக்ஹு நூல்களில் அதற்குப் பெயர் உஜ்ரத், அதாவது கூலி. ஒப்பந்தங்களில் கவனிக்கப்பட வேண்டியது சொல்லன்று, பொருளே என்பது சட்ட அறிஞர்கள் பலர் ஏற்ற நெறி.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றில் காணலாம். மத்யன் நகரின் நீர்நிலையருகே ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்கு அவர்கள் நீர் புகட்டினார்கள். கூலி கேட்கவில்லை, நிழலில் ஒதுங்கி இறைவனிடம் மட்டுமே கையேந்தினார்கள். ஆனாலும் அப்பெண்களின் தந்தை, செய்த வேலைக்குக் கூலி கொடுப்பதற்காகவே அவர்களை அழைத்து வரச் சொல்கிறார். பிறகு நீண்ட காலப் பணிக்கு அமர்த்தும்போது எட்டு ஆண்டுகள் என்று கால அளவைச் சொல்லிவிடுகிறார். பத்தாக நிறைவு செய்வது மூஸா நபியின் விருப்பம் என்பதையும், அவர்களைச் சிரமப்படுத்தும் எண்ணம் தமக்கு இல்லை என்பதையும் முன்கூட்டியே தெளிவுபடுத்துகிறார். கஸஸ் அத்தியாயத்தில் (28:23–28) இதைப் படிக்கும்போதெல்லாம், கொடுப்பவரின் கடமை எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று வியக்கிறேன். கேட்காதவருக்கும் கூலி தேடி வந்தது. வேலைக்கு அமர்ந்தவருக்கோ நிபந்தனை முதலிலேயே சொல்லப்பட்டது.

வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்தில் புகாரியில் நபிமொழி உண்டு. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் அறிவுரையை அறியாத முஸ்லிம் வீடு இல்லை. ஆனால் வியர்வை சிந்தாத வேலைகளுக்கு அது பொருந்தாது என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோமோ என்று தோன்றுகிறது.

வவுச்சர் கூடுமா?

கூலி பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பொருளாகவும் இருக்கலாம், வவுச்சராகவும் இருக்கலாம். ஆனால் அது என்ன, எவ்வளவு என்பது வேலை தொடங்கும் முன் இரு தரப்பாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் இரண்டும் இதை வலியுறுத்துகின்றன. ‘கிஃப்ட் உண்டு’ என்ற தூண்டிலில் தொகை இல்லை, கடையின் பெயர் இல்லை, காலக்கெடுவும் இல்லை. இப்படிக் கூலி தெரியாமல் வேலை நடந்து முடிந்துவிட்டால், அத்தகைய வேலைக்கு வழக்கத்தில் என்ன கூலியோ அதைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். உஜ்ரத்துல் மிஸ்ல் என்று அதைச் சொல்வார்கள். ‘நாங்கள் தொகை எதுவும் சொல்லவில்லையே’ என்பது தப்பிக்கும் வழியாகாது. உண்மையில் அதுவே அவர்களின் கடனை உறுதிசெய்கிறது.

மேலும், 1500 ரூபாய் செலவழித்தால் மட்டுமே கிடைக்கும் 500 ரூபாய், 500 ரூபாய் ஆகாது. அது கடையின் விளம்பரத் தள்ளுபடி. முகத்தில் ஒரு எண்ணை எழுதிவிட்டு அடியில் சிறிய எழுத்தில் அதைக் குறைப்பது, அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் முதஃப்ஃபிஃபீன் அத்தியாயத்தை (83:1–3) நினைவூட்டுகிறது.

காலக்கெடுவும் அப்படித்தான். ரிசர்வ் வங்கியின் 2021ஆம் ஆண்டு விதிகள், பிற கடைகளிலும் செல்லுபடியாகும் முன்பண அட்டைகளுக்குக் குறைந்தது ஓராண்டு கால அவகாசம் இருக்க வேண்டும் என்கின்றன. ஒரு கடை தன்னிடம் மட்டுமே செல்லும்படி வெளியிடும் வவுச்சரை அவ்விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. சட்டம் கைவிட்ட அந்த இடத்தில்தான் நம் இறையச்சம் வேலை செய்ய வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது?

மிகக் குறைவாகக் கொடுப்பது அநீதி என்பது எளிதில் புரியும். அளவுக்கு மீறிக் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு என்பதைச் சற்று விளக்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை ஏறத்தாழ 600 ஏழைக் கறுப்பின ஆண்களிடம் மேகநோய் பற்றிய ஆய்வு நடந்தது. இலவசச் சாப்பாடு, மருத்துவப் பரிசோதனை, அடக்கச் செலவுக்கான காப்பீடு ஆகியவை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. நோய் இன்னதென்று சொல்லப்படவில்லை. பென்சிலின் மருந்து பரவலாகக் கிடைத்த பிறகும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. ஒரு செயலியின் ஆய்வை அக்கொடுமையோடு ஒப்பிடுவது நியாயமன்று. ஆனால் வறியவருக்குக் காட்டப்படும் சலுகை, ‘வேண்டாம்’ என்று சொல்லும் அவருடைய உரிமையை எப்படிப் பறித்துவிடும் என்பதற்கு அது சாட்சி.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இந்த இரு பக்கத்தையும் கருதுகின்றன. பங்கேற்பவரின் செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்யலாம், ஆனால் விருப்பமில்லாதவரையும் சம்மதிக்க வைக்கும் அளவுக்கு அத்தொகை இருக்கக் கூடாது என்பதே அவற்றின் சாரம். அது மருத்துவ ஆய்வுக்குச் சொல்லப்பட்டது. அளவுகோல் நமக்கும் பொருந்தும்.

என் கருத்து இதுதான். ஒரே நேரம், ஒரே வேலை என்றால் எல்லோருக்கும் ஒரே தொகை. ‘இவர் பீடி சுற்றுபவர், இவருக்கு இது போதும்’ என்ற கணக்கு கூடாது. அத்தொகை அந்த நேரத்தில் அவர் இழக்கும் வருமானத்துக்குக் குறையக் கூடாது. ஆட்டோ, பேருந்துச் செலவைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுப்பது நேரத்துக்கான கூலியாக இருக்க வேண்டும், பதிலுக்கான விலையாக அன்று. செயலியைக் குறை சொன்னவருக்கும் அதே தொகைதான், பாதியில் எழுந்து போனவருக்கும் அவர் கொடுத்த நேரத்துக்கு உரியதைத் தர வேண்டும்.

ஐம்பது பேரிடம் கருத்துக் கேட்டுவிட்டு, குலுக்கலில் ஒருவருக்கு மட்டும் பெரிய வவுச்சர் தரும் வழக்கமும் இருக்கிறது. ஐம்பது பேரும் உழைத்திருக்க, நாற்பத்தொன்பது பேரின் கூலி அதிர்ஷ்டத்தில் கரைந்துவிடுகிறது. கூலி நிச்சயமற்றதாக இருக்கும் அந்த வழியை நாம் தவிர்ப்பதே பேணுதல்.

யாருடைய கைக்கு?

முடிந்தால் பணமாகவே கொடுப்பது சிறந்தது. வவுச்சர்தான் என்றால், உள்ளூர் மளிகைக் கடையிலோ மருந்துக் கடையிலோ செல்லக்கூடியதாக இருக்கட்டும். ஹராமான பொருட்களை முதன்மையாக விற்கும் இடத்துக்கு உரியதாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று கடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இருந்தால் நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பேரில் நால்வர் கொடுத்தது கணவரின் கைப்பேசி எண். ஒரு வீட்டில் அப்பெண்ணுக்குத் தெரியாமலே கணவர் தமக்கு ஒரு சட்டை வாங்கிவிட்டார். பெண்கள் சம்பாதித்ததில் அவர்களுக்கே பங்கு என்பது குர்ஆன் (4:32) தரும் உரிமை. ஐந்நூறு ரூபாய் சிறு தொகைதான், ஆனால் உரிமைக்குச் சிறிது பெரிது என்று இல்லை. சகோதரர்களே, மனைவி சம்பாதித்ததை அவரிடம் கேட்டு எடுத்துக்கொள்வதில் நம் மதிப்பு குறைந்துவிடாது.

நம் பக்கத்துக் கடமை

கூலி ஒப்பந்தம் இரு பக்கமும் கட்டுப்படுத்தும். வவுச்சர் கிடைக்கிறது என்பதற்காக, பள்ளி செல்லும் பிள்ளை இல்லாதவர் இருப்பதாகச் சொல்லிச் சேர்வது பொய். வேறு பெயரில் இரண்டாம் முறை கலந்துகொள்வது ஏமாற்று. கொடுப்பவர் மனம் குளிரட்டும் என்று, புரியாததைப் புரிந்ததாகச் சொல்வதும் சாட்சியத்தில் செய்யும் குறையே. நம் சொல்லை நம்பித்தான் நாளை ஆயிரம் பேர் பயன்படுத்தும் ஒன்றை அவர்கள் அமைக்கிறார்கள். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.

இந்த விஷயத்தில் முதல் குறை என்னுடையது. தொகை என்ன, கடை எது என்று நான் கேட்டிருக்க வேண்டும். என் வாக்கை நம்பி வந்தவர்களுக்கு நான் பொறுப்பாளி. பலமுறை பேசிய பிறகு, காலாவதியாகாமல் இருந்த ஏழு வவுச்சர்களுக்கு ஈடாக நிறுவனம் பணம் அனுப்பியது. சட்டை வாங்கியது போக எஞ்சிய நான்கும் காலாவதியாகிவிட்டன, அவற்றை மாற்ற வழியில்லை என்றார்கள். அந்த நால்வரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்களுக்குரியதை என் கடனாக எடுத்துக்கொண்டு கொடுத்து வருகிறேன்.

இப்போது மதரஸா அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. தாய்மார்களை ஆய்வுக்குக் கேட்டு யார் வந்தாலும் அதைத்தான் முதலில் காட்டுகிறோம். எவ்வளவு நேரம்? எவ்வளவு தொகை? பணமா, வவுச்சரா? எந்தக் கடை, எந்த நாள் வரை, குறைந்தபட்சக் கொள்முதல் உண்டா? யாருடைய எண்ணுக்கு, எப்போது வரும்? நடுவில் விலகினால் என்ன கிடைக்கும்? இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகே தாய்மார்களிடம் சொல்கிறோம். இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் உடனே எழுதிக் கொடுத்தார். மற்றவர் பிறகு வருவதாகச் சொல்லிச் சென்றார், வரவில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் இத்தகைய நிறுவனங்களில் பணியாற்றுகிறார்கள். வவுச்சரைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் நாளை அவர்களே உட்காரலாம். பெற்றோர்களே, இதை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, பிறர் உரிமை நம் கழுத்தில் தொங்காத நிலையில் நம்மை அவனிடம் சேர்ப்பானாக. ஆமீன்.