ஈயப் பேழையும் ஏட்டையாவும்

தோழனே!

தன்யூபு ஆற்றங்கரையிலே, பல்கேரிய நாட்டின் வட எல்லையிலே, ரூசே என்றோர் ஊர் உண்டு. ஆற்றின்மீது பாலம், பாலத்துக்கு அப்பால் ருமேனிய நாடு. 1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், அந்த எல்லைச் சாவடியிலே வந்து நின்றது ஒரு கார்.

ஓட்டி வந்தவன் தாள்களை நீட்டினான். சுங்க அலுவலர் தாளைப் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். தாளிலே குறையில்லை, முகத்திலே நிறைவில்லை. விழி அலைந்தது, விரல் நடுங்கியது. வண்டியைச் சோதித்தார்கள். யுரேனியம் வாங்கியதைக் குறிக்கும் தாளொன்று அகப்பட்டது. பின்புறப் பெட்டியிலே கிடந்த காற்றடிக்கும் கருவியைப் பிரித்தார்கள். உள்ளே ஓர் ஈயப் பேழை. அதற்குள்ளே கண்ணாடிக் குப்பி. அதற்குள்ளே ஏறத்தாழ 10 கிராம் யுரேனியத் தூள். அடுப்பெரிக்கும் யுரேனியமன்று, 72 விழுக்காடு செறிவூட்டப்பட்ட, அழிவுக்கு அடியெடுத்துக் கொடுக்கும் யுரேனியம்!

பத்துக் கிராமைக் கொண்டு குண்டு செய்ய முடியுமா என்று கேட்பாய். முடியாது, கிலோக் கணக்கிலே வேண்டும். ஆனால் சந்தையிலே பிடி அரிசியை உள்ளங்கையில் ஏந்திக் காட்டும் வணிகனைக் கண்டிருக்கிறாய் அல்லவா? கையிலிருப்பது மாதிரி என்றால், மூட்டை எங்கே? உலகத்து வல்லுநர்களை உறங்கவிடாத கேள்வி அது.

இப்போது நான் உன் கருத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறொன்று. அன்று அந்தக் கள்ளச்சரக்கைக் காட்டிக்கொடுத்தது எது? எந்திரமா? இல்லை! யுரேனியத்தின் கதிர் மெலிந்தது. ஈயம் அதை விழுங்கிவிடும். எந்திரம் ஏமாறக்கூடிய இடத்திலே ஏமாறாமல் நின்றது ஒரு மனிதனின் கண். சம்பளப் பட்டியலிலே எங்கோ ஒரு வரியில் இருக்கும் சாவடி அலுவலரின் கண்!

அது விழித்திருந்த வாயிலின் கதை. விளக்கே ஏற்றப்படாத வாயிலின் கதையையும் கேள்.

2010-ஆம் ஆண்டு, நாட்டின் தலைநகராம் டெல்லி. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திலே பல ஆண்டுகளாகப் பயனின்றிக் கிடந்த கருவியொன்றை ஏலத்திலே விற்றார்கள். அதன் வயிற்றிலே இருந்தது கோபால்ட்-60. விற்றவர் எண்ணிப் பார்க்கவில்லை, வாங்கியவருக்கோ தெரியாது. பட்டப்பகலிலே, தலைநகரத்துச் சாலை வழியே, மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது எமன். பளபளத்த உலோகத்தை வெட்டினர், பிரித்தனர். ஒருவர் ஒரு துண்டைத் தம் பணப்பையிலேயே வைத்துக்கொண்டார். தோல் கறுத்தது, முடி உதிர்ந்தது, குமட்டல் கொண்டது. ஏழை உழைப்பாளி ஒருவர் உயிரிழந்தார்; எழுவர் துன்புற்றனர்.

அங்கே கடத்தல்காரன் இல்லை, கள்வன் இல்லை, சதிகாரன் இல்லை. கவனமின்மை மட்டுமே இருந்தது! கவனமின்மையே இத்தனை தூரம் தடையின்றிப் பயணம் போக முடியுமானால், கயமை போக முடியாதா?

பிரேசில் நாட்டுக் கோயானியா நகரிலே 1987-இல் நிகழ்ந்தது இதனினும் கொடிது. கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து, பழைய இரும்பு பொறுக்குவோர் இருவர் சிகிச்சைக் கருவியின் பகுதியை எடுத்துச் சென்றனர். உள்ளே இருந்த சீசியம்-137 இருளிலே நீலமாய் ஒளிர்ந்தது. அழகென்று எண்ணிப் பகிர்ந்துகொண்டனர். நால்வர் மாண்டனர், 249 பேர் மீது நஞ்சு படிந்திருந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் சோதனைக்காக வரிசையில் நின்றனர்.

மெக்சிகோவிலே 2013 டிசம்பரில், கோபால்ட் ஏற்றிய லாரியையே கடத்திச் சென்றனர் திருடர். அவர்கள் விரும்பியது வண்டியை. அவர்கள் கைக்கு வந்தது சாவு! 1993 முதல் இன்றுவரை, களவு, கடத்தல், காணாமற்போதல் என்று பன்னாட்டு அணுசக்தி முகமையிடம் நாடுகள் பதிவு செய்தவை 4,000-க்கும் மேல். ஏட்டுக்கு வராதவை எத்தனையோ!

தோழனே, அரசியல் கட்டுரையிலே அணுவுக்கு என்ன வேலை என்று கேட்போருக்கு அரசியல் சட்டத்தைப் புரட்டிக் காட்டு. அணுசக்தி, ஒன்றியப் பட்டியலிலே ஆறாம் இனம். காவல்துறை, மாநிலப் பட்டியலிலே இரண்டாம் இனம். அணுவின் அறிவெல்லாம் ஒன்றிய அரசின் கூடங்களிலே; அணுப்பொருள் நழுவி வீதிக்கு வந்தால் முதலில் ஓடிவந்து நிற்பவரோ, நம் ஊர் ஏட்டையா! அறிவு அங்கே, ஆபத்து இங்கே. பெட்டகம் அவர்களிடம், பழி இவரிடம். இதனை நீதி என்போமா?

2010-இல் வாஷிங்டனில் கூடிய அணுப் பாதுகாப்பு மாநாட்டிலே, பயிற்சிக்கும் ஆய்வுக்குமாக ஒரு மையம் அமைப்போம் என்று இந்தியா அறிவித்தது. அந்த மையம் அரியானாவிலே எழுந்தது. வரவேற்கிறோம், குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் கேட்கிறோம்: அரியானாவிலே ஏற்றிய விளக்கின் ஒளி தூத்துக்குடித் துறைமுகத்து வாயிற்காவலருக்கு எட்டவேண்டாமா? கல்பாக்கத்திலே உலை உண்டு, கூடங்குளத்திலே உலை உண்டு, புற்றுநோய் மருத்துவமனைகளிலே கதிர்க் கருவிகள் உண்டு. அவற்றைச் சுற்றியுள்ள சாலைகளிலே சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்குரிய பாடம், ஊனமாஞ்சேரி காவலர் உயர் பயிற்சியகத்திலும், மாவட்டப் பயிற்சிப் பள்ளிகளிலும், தமிழிலே நடத்தப்படவேண்டாமா?

“அணு இயல் காவலருக்குப் புரியுமா?” என்று உதட்டைச் சுழிப்போர் உண்டு. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். எனக்கே ஒரு மாலைப்பொழுதிலே அதன் அடிப்படை புரிந்தது. நாள்தோறும் ஆயிரம் முகங்களைப் படிக்கும் காவலருக்கா புரியாது? மஞ்சள் நிறத்திலே மூன்று கரிய இலைகள் கண்டால் தொடாதே. சிறிய பெட்டி, அளவுக்கு மீறிய கனம் என்றால் ஈயத்தை ஐயுறு. உடைக்காதே, பிரிக்காதே, வல்லுநரை அழை. அருகிலிருக்கும் நேரத்தைக் குறை, தொலைவைக் கூட்டு, நடுவிலே தடுப்பை வை. காரணம் காணாத தீப்புண்ணோடு இரும்புக் கடைத் தொழிலாளர் வந்தால், மருத்துவரிடம் ‘கதிர்’ என்ற சொல்லைச் சொல். பாடத்தின் முதல் பக்கம் இவ்வளவே!

“கருவி வாங்கி வைத்துவிட்டால் போதாதா?” என்பர் சிலர். போதாது! கருவி கூவும், கூவியது ஏன் என்று சொல்லாது. லாரியிலே உரம் இருந்தாலும் கூவலாம், தரையோடு இருந்தாலும் கூவலாம், கதிர் மருந்து ஏற்றுக்கொண்ட நோயாளி கடந்து போனாலும் கூவலாம். பயிலாத காவலர் முதல் நாள் பதறுவார். பத்தாம் நாள் அதன் வாயை அடைத்துவிடுவார். பதினோராம் நாள் மெய்யான சரக்கு வந்தால்? கருவியை விலைக்கு வாங்கலாம். விழிப்பை வளர்க்கத்தான் வேண்டும்.

“மக்களை அச்சுறுத்துகிறீர்கள்” என்றும் சொல்வார்கள். மாயாபுரியைக் கொன்றது அச்சமா, அறியாமையா? தெரிந்தவன் விலகி நிற்பான். தெரியாதவன் பணப்பையிலே வைப்பான். மூடநம்பிக்கையை எதிர்த்து மேடைதோறும் முழங்கும் நாம், இந்த அறியாமையை மட்டும் விட்டுவைக்கலாமா?

ஆகவே, நம் கோரிக்கை நன்கொடையன்று, உரிமை. அணுவை ஆளும் அதிகாரம் ஒன்றியத்திடம் என்றால், அதன் ஆபத்தை எதிர்கொள்ளும் காவலருக்குக் கருவி தருவதும், பயிற்சி தருவதும், செலவை ஏற்பதும் ஒன்றியத்தின் கடமை. நம் சட்டமன்ற உறுப்பினரும் நாடாளுமன்ற உறுப்பினரும் கேட்கட்டும்: எத்தனை காவலருக்குப் பயிற்சி? எந்தெந்தச் சாவடியில் கருவி? ஆண்டுக்கு எத்தனை ஒத்திகை? எண்ணிக்கையோடு விடை வரட்டும்!

உனக்கும் ஒரு வேலை உண்டு தோழனே. உன் தெருமுனையிலே காயலான் கடை இருக்கும். அங்கே சுத்தியல் பிடித்து நிற்பவர் நம்மவர். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போ. மூவிலைச் சின்னத்தை ஒரு தாளிலே வரைந்து காட்டு. “இதைக் கண்டால் வெட்டாதீர்கள், விலகுங்கள், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்” என்று கூறு.

அவர் சொல்லும்போது, கேட்கும் ஏட்டையாவுக்குப் புரியவேண்டும். அதற்காகத்தான் இந்தக் குரல்!