‘ஆம்’ என்று சொல்லுமுன்

லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதை மட்டக்களப்பிலும் காண்கிறோம். முனையத்தில் கட்டளை அடிப்பவர்களின் கண்ணுக்குச் சாளரம் திறந்து சொடுக்குபவர்கள் கற்றுக்குட்டிகள். சாளரக்காரர்களுக்கோ முனையம் வேண்டாத வீறாப்பு. இந்த இதழைப் படிப்பவர்களில் பலர் பாடசாலை ஆய்வுகூடம், பிரதேச செயலகம், கூட்டுறவுச் சங்கம், கிராமத்து வைத்தியசாலை என்று நாலைந்து இடங்களை ஒற்றை ஆளாகச் சமாளிப்பவர்கள். அவர்களுக்கு இந்தக் கட்சி கட்டுப்படியாகாது. மென்பொருள் இற்றைப்படுத்தலில் ஒன்று காட்டாததை மற்றது காட்டுகிறது. இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவரிடம்தான் ஒரு ஆய்வுகூடத்தை நம்பி ஒப்படைக்கலாம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

இரண்டும் கைவைப்பது ஒரே கணக்கில். டெபியன், உபுண்டு, மின்ட் எதுவானாலும் நிறுவிய பொதிகளின் பதிவு டி-பேக்கேஜிடம் இருக்கிறது. அதன் மேல் நின்று களஞ்சியங்களோடு பேசுவது ஆப்ட். ஆப்ட் 1999இல் டெபியன் 2.1உடன் வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பிரேசிலின் கொனெக்டிவா நிறுவனத்தில் அல்ஃப்ரெடோ கொஜிமா அதற்குச் சினாப்டிக் என்ற சாளரத்தை எழுதிவிட்டார். எனவே சாளரத்தைப் புதிதாய் ஒட்டிய அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. உள்ளே ஓடுவது அதே ஆப்ட் நூலகம். ஒன்று கணக்கைத் திறந்து வைத்திருக்கும்போது மற்றது காத்திருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். பூட்டுக் கிடைக்கவில்லை என்ற செய்தி முனையத்தில் வந்ததும் அந்தப் பூட்டுக் கோப்பையே அழித்துவிடும் பழக்கம் மாணவர்களிடம் பரவியிருக்கிறது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள். பெரும்பாலும் பின்னணியில் தானியங்கி இற்றைப்படுத்தலோ யாரோ திறந்துவிட்ட சாளரமோ வேலை செய்துகொண்டிருக்கும். நடுவில் பூட்டை உடைத்தால் பொதிக் கணக்கே குழம்பிப்போகும்.

கணக்கு ஒன்றாக இருந்தாலும் பார்வை ஒன்றல்ல. முனையத்தில் ‘ஆப்ட் அப்கிரேட்’ ஓடி முடிந்ததும் கணினி முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிட்டதாக நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: உபுண்டு 22.04 முதல் பயர்பொக்ஸ் ஸ்னாப் பொதியாகவே வருகிறது. ஆப்டுக்கு ஸ்னாப்பைத் தெரியாது, பிளாட்பாக்கையும் தெரியாது. தாய்ப்பலகையின் நிலைபொருளும் அதன் எல்லைக்குள் வராது. கினோம் சொஃப்ட்வெயர் சாளரம் இவற்றையும் சேர்த்துக் காட்டக்கூடியது. மறுபக்கம், சாளரம் ஒரு வரியில் முடித்துவிடும் செய்தியை முனையம் பொதி பொதியாகப் பிரித்துச் சொல்லும். பழைய ‘ஆப்ட்-கெட் அப்கிரேட்’ புதிய பொதி எதையும் சேர்க்காது. கெர்னலின் புதிய பதிப்பு புதிய பெயருள்ள பொதியாக வருவதால் அது பின்தங்கி நிற்கும். ‘ஆப்ட் அப்கிரேட்’ சேர்த்துக்கொள்ளும், இற்றைப்படுத்தல் சாளரமும் சேர்த்துக்கொள்ளும். பழைய கட்டளையையே ஆண்டுக்கணக்காக அடித்துவந்த கணினிகள், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றிக்கொண்டே பழைய கெர்னலில் ஓடும். உபுண்டு படிப்படியாக வெளியிடும் இற்றைப்படுத்தல்களிலும் இப்படி ஒரு வேற்றுமை இருந்தது. சாளரம் அந்த வரிசைக்குக் காத்திருந்தது, ஆப்ட் 21.04 பதிப்பிலிருந்துதான் காத்திருக்கத் தொடங்கியது. ஒரே அறையில் ஒரே நாளில் இரண்டு கணினிகள் வேறு வேறு பட்டியல் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வேலையில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை 2021 நவம்பரில் உலகமே பார்த்தது. கனடாவின் புகழ்பெற்ற யூடியூப் தொழினுட்பவியலாளர் லைனஸ் செபாஸ்டியன், பொப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் விளையாட்டு மென்பொருளை நிறுவப் போனார். சாளரம் பிழை காட்டி மறுத்துவிட்டது. அவர் முனையத்துக்குப் போய் அதே பொதியைக் கேட்டார். களஞ்சியத்தில் இருந்த சார்புக் கோளாறால், ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் பணிச்சூழலையே நீக்க வேண்டும் என்று ஆப்ட் கணக்குப் போட்டிருந்தது. நீக்கப்போகும் பொதிகளின் நீண்ட பட்டியலையும் அது காட்டியது. உறுதியென்றால் ‘நான் சொல்வதைச் செய்’ என்ற பொருளுள்ள ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சிடச் சொன்னது. அவர் தட்டச்சிட்டார். திரையில் கறுப்பு மட்டும் மிஞ்சியது. அதன்பின் ஆப்டை எழுதுவோர் 2.3.12 பதிப்பில் அடிப்படைப் பொதிகளை அப்படி எளிதாக நீக்க முடியாதபடி செய்தார்கள்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லிச் சாளரக் கட்சி முனையத்தைக் குறைகூறியது. முனையக் கட்சி அந்த மனிதரைக் குறைகூறியது. நாங்கள் அதில் வேறொன்றைப் பார்க்கிறோம். சாளரம் சரியாகவே மறுத்தது, ஆனால் ஏன் என்று சொல்லவில்லை. முனையம் காரணத்தை முழுவதும் சொன்னது, ஆனால் அடுத்த வரியிலேயே செய்துமுடிக்கவும் ஆயத்தமாக நின்றது. மறுப்பு ஒரு கருவியிலும் விளக்கம் மற்றக் கருவியிலும் கிடைத்தபோது, இரண்டையும் சேர்த்து வாசிக்கும் நிதானம்தான் அங்கே இல்லாமற்போனது. ஒவ்வொரு இற்றைப்படுத்தலும் கருவி நம்முன் வைக்கும் ஒரு யோசனை மட்டுமே. அதில் முதலில் வாசிக்க வேண்டியது நீக்கப்படுபவை என்ற பகுதி. எத்தனை மெகாபைட் பதிவிறங்கும் என்பது இரண்டாவது. ‘ஆப்ட்-கெட்’டுக்குச் சிறிய எஸ் தெரிவைக் கொடுத்து ஒத்திகை பாருங்கள். சந்தேகமான பொதியைச் சினாப்டிக்கில் திறந்து எது எதைச் சார்ந்திருக்கிறது, எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்று கிளறிப் பாருங்கள். பிறகு முனையத்துக்குத் திரும்பிச் செய்யுங்கள். மாணவருக்கும் இந்த ஒழுங்கிலேயே கற்பியுங்கள்.

முனையம் எப்போதும் பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கும் ஒரு மறுப்பு உண்டு. 2016 அக்டோபரில் ஃபெடோரா லினக்ஸின் தரச் சோதனைக் குழுவைச் சேர்ந்த அடம் வில்லியம்சன் பயனர்களை எச்சரித்தார்: பணிச்சூழலுக்குள் முனையச் சாளரத்தைத் திறந்து இற்றைப்படுத்தாதீர்கள் என்று. அப்போது வந்த ஒரு சிஸ்டம்-டி இற்றைப்படுத்தல், இரட்டை வரைகலை அட்டையுள்ள மடிக்கணினிகளில் வரைகலைச் சூழலையே விழுத்தியது. அதனுள் திறந்திருந்த முனையமும் இற்றைப்படுத்தலும் பாதியில் செத்தன. பெரிய இற்றைப்படுத்தலுக்குக் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போங்கள், அல்லது டீமக்ஸுக்குள் ஓடவிடுங்கள்.

இனி எங்கள் ஊரின் விடயத்துக்கு வருவோம். மேலே சொன்னதெல்லாம் இணையம் தாராளமாக இருக்கும் இடங்களுக்கு. மட்டக்களப்பு மேற்கு வலயத்திலும் பட்டிருப்பு வலயத்திலும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பாடசாலைகளில் ஆய்வுகூடத்துக்கென்று ஆசிரியரின் கைபேசி டேட்டாவைத் தவிர வேறொன்றும் இல்லாத நிலையை நாம் அறிவோம். இங்கேதான் சாளரமும் முனையமும் கைகோத்து வேலை செய்ய வேண்டும். அதற்கான வழி சினாப்டிக்கில் பல காலமாகவே இருந்தும் எங்கள் பயிற்சிகளில் அது பேசப்படுவதே இல்லை.

பாடசாலைக் கணினியில் சினாப்டிக்கைத் திறந்து வேண்டிய பொதிகளைக் குறியுங்கள். கோப்புப் பட்டியில் பதிவிறக்க நிரல் உருவாக்கும் தெரிவு இருக்கிறது. அது குறித்த பொதிகள் அனைத்தின் முகவரிகளையும் கொண்ட ஒரு சிறிய நிரலை எழுதித் தரும். அதைப் பென்டிரைவில் போட்டு, குருமண்வெளிப் படகுப் பாதையிலோ மண்முனைப் பாலத்தாலோ கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வந்து, நகரத்திலோ வந்தாறுமூலையிலோ வேகமான இணைப்புள்ள ஒரு லினக்ஸ் கணினியின் முனையத்தில் ஓடவிடுங்கள். டபிள்யூகெட் பொதிகளை இறக்கிவிடும். திரும்பிப்போய் அதே பட்டியில் பதிவிறக்கிய பொதிகளைச் சேர்க்கும் தெரிவை அழுத்தினால் நிறுவல் நடக்கும். தேர்வு சாளரத்தில், பதிவிறக்கம் முனையத்தில், நிறுவல் மீண்டும் சாளரத்தில்.

இதில் ஒரு குறை உண்டு. பாடசாலைக் கணினியின் களஞ்சிய அட்டவணை மாதக்கணக்கில் பழையதாக இருந்தால், நிரல் கேட்கும் பதிப்பு களஞ்சியத்தில் இருக்காது. கோப்பு இல்லை என்ற பதில்தான் வரும். இதற்கு மருந்து, இந்தியாவின் டெபியன் உருவாக்குநர் ரித்தேஷ் ராஜ் சராஃப் எழுதிய ஆப்ட்-ஆஃப்லைன். முதலில் பாடசாலையில் தேவையைக் கோப்பாக எழுதுகிறது, நகரில் அட்டவணையையும் பொதிகளையும் சேர்த்து இறக்குகிறது, திரும்பியதும் கையொப்பத்தைச் சரிபார்த்து உள்ளே ஏற்றுகிறது. அட்டவணையை ஆப்ட்-ஆஃப்லைனால் புதுப்பித்துவிட்டுப் பொதித் தேர்வைச் சினாப்டிக்கில் செய்வது எங்கள் பரிந்துரை.

ஓரளவு இணையம் உள்ள ஆய்வுகூடங்களில் ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். அது 3142ஆம் துறையில் நின்று ஒருமுறை இறக்கிய பொதியை மற்ற எல்லாக் கணினிகளுக்கும் கொடுக்கும். ஆப்டின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். சினாப்டிக்கும் இற்றைப்படுத்தல் சாளரமும் அதையே பின்பற்றும். ஸ்னாப் பின்பற்றாது. முன்னிருப்பாக அது நாளுக்கு நான்கு முறை புதியவற்றைத் தேடிப் போகும், ஒவ்வொரு கணினியும் தனித்தனியாக. முப்பது கணினிகள் பயர்பொக்ஸைத் தனித்தனியாக இறக்கினால் மாதத்து டேட்டா ஒரு காலையிலேயே தீர்ந்துவிடும். ‘ஸ்னாப் ரிஃப்ரெஷ்’ கட்டளைக்கு ஹோல்ட் தெரிவைக் கொடுத்து நிறுத்திவையுங்கள். வசதியான நாளில் நீங்களே விடுவியுங்கள். விடுவிக்க மறந்துவிடாதீர்கள், உலாவிதான் முதலில் தாக்கப்படும் மென்பொருள்.

பூட்டிவைப்பது பற்றி இன்னொன்று. சினாப்டிக்கில் ஒரு பொதியின் பதிப்பைப் பூட்டினால் அந்தக் குறிப்பு சினாப்டிக்கின் சொந்தக் கோப்பில் மட்டுமே எழுதப்படுகிறது. ஆப்ட் அதைப் பார்ப்பதில்லை. பரீட்சை முடியும்வரை மாறக்கூடாது என்று சாளரத்தில் பூட்டிய மென்பொருளை, இரவில் தானியங்கி இற்றைப்படுத்தல் மாற்றிவிடலாம். பூட்டுவதை ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ மூலமே செய்யுங்கள்.

மின்சாரமும் எங்கள் கணக்கில் சேர வேண்டியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின் போனது. மாரி காலத்தில் காற்றும் வெள்ளமும் வேறு. பொதி விரிந்துகொண்டிருக்கும்போது மின் போனால் டி-பேக்கேஜ் அரைகுறையாக நின்றுவிடும். அப்போது சினாப்டிக் திறக்க மறுத்து, முனையத்தில் ‘டி-பேக்கேஜ்’ கட்டளையால் எஞ்சிய அமைப்பை முடிக்கும்படி தானே சொல்லும். சாளரமே முனையத்துக்கு அனுப்பிவைக்கும் அந்த இடத்தில் பதறிக் கணினியை மறுபடி நிறுவாதீர்கள். அந்தக் கட்டளை பெரும்பாலும் போதும். அதைவிட நல்லது பதிவிறக்கத்தையும் நிறுவலையும் பிரிப்பது. டேட்டா மலிவான நேரத்தில் பதிவிறக்கம் மட்டும். யுபிஎஸ்ஸில் மின் இருக்கும் பகலில் நிறுவல். ஐப்பசி, கார்த்திகை வருமுன் பிரதேச செயலகக் கணினிகளை முடித்துவிடுங்கள். முகாம் பதிவும் நிவாரணக் கணக்கும் அந்த மாதங்களில் அவற்றில்தான் ஓடும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் சில வாரங்களில் இலங்கைத் தன்னார்வலர்கள் சஹானா என்ற கட்டற்ற மென்பொருளை எழுதிக் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிந்தார்கள். அப்படியொரு அனர்த்த நாளில் ஓடாத கணினியால் யாருக்கும் பயனில்லை.

தமிழில் கற்பவர்களுக்கு இன்னொரு தடை இருக்கிறது. கினோம் முனையம் எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அடுக்குவதால் கொம்பும் காலும் இடம் மாறி, சொற்கள் வாசிக்க முடியாமல் சிதைகின்றன. சாளரத்தில் தமிழ் நன்றாகவே தெரிகிறது. பொதியின் விளக்கத்தையும் மெனுவையும் தமிழில் வாசிக்கச் சாளரம் கொடுங்கள். முனையத்தில் செய்தி மொழியை ஆங்கிலமாக மாற்றிவிடுங்கள். பிழைச் செய்தியை அப்படியே தேடினால்தான் தீர்வு கிடைக்கும். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் உயர்தர மாணவர் இரண்டிலும் பழக வேண்டும்.

செய்தவற்றின் பதிவை ஆப்ட் தானாகவே வைத்திருக்கிறது. அதன் வரலாற்றுக் கோப்பு ஒவ்வொரு மாற்றத்தையும் திகதி, நேரம், கட்டளையுடன் எழுதுகிறது. மாற்றம் சினாப்டிக்கிலிருந்து வந்ததா, பேக்கேஜ்கிட்டிலிருந்தா, முனையத்திலிருந்தா, எந்தப் பயனர் கேட்டார் என்பதும் பொதுவாக அதில் தெரியும். இடமாற்றம் பெற்றுப் போகும்போது அடுத்து வருபவருக்கு அந்தக் கோப்பைக் காட்டிக்கொடுங்கள்.

இப்போது அவசரமான வேலை உபுண்டு 20.04. அதன் வழமையான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. வாவியின் இரு கரைகளிலும் இன்னும் அதில் ஓடும் கணினிகள் உண்டு. அதிலிருந்து நேரே 24.04க்குத் தாவ முடியாது, 22.04ஐத் தொட்டே போக வேண்டும். ‘டு-ரிலீஸ்-அப்கிரேட்’ கட்டளையை எழுத்துத் திரையில் ஓடவிடுங்கள். அது வெளியார் களஞ்சியங்களை முடக்கிவிடும். முடிந்தபின் மென்பொருளும் இற்றைப்படுத்தல்களும் என்ற சாளரத்தைத் திறந்து, அவற்றில் புதிய பதிப்புக்கு உரியவை எவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மீண்டும் இயக்குங்கள், உரியதல்லாததை நீக்குங்கள். முதலில் ஒரு கணினி, ஒரு வாரம் பாவனை, பிறகு மற்றவை. அடுத்த பாடசாலை விடுமுறையில் தொடங்கலாம்.