வண்டிக் கணக்கும் டிரைவர் வாய்மொழியும்

எங்கள் பென்ஷன்காரர்கள் கூட்டத்தில் எந்தப் பேச்சு எழுந்தாலும் இரண்டு கட்சி உண்டு. "எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் நாடு உருப்படும்" என்பது ஒன்று. "அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரா இருந்தது? வண்டி ஓடவில்லையா?" என்பது இன்னொன்று. அரசாங்க வண்டிகள், பள்ளிப் பேருந்துகள், ஆம்புலன்ஸ்கள் இவற்றின் பராமரிப்புக்கு மென்பொருள் வைப்பது பற்றிப் பேச்சு வந்தபோதும் அப்படியே ஆயிற்று. நான் இரண்டு கட்சியிலும் இல்லை. ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். கூட்டத்தில் எழுதுகிற அளவுக்குப் பேச விடமாட்டார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பிரெவே வரை பிரெஞ்சில் படித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் கோப்பு எழுதக் கற்றுக்கொண்ட குமாஸ்தா நான். சைக்கிளைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் ஓர் அரசுத் துறையின் வண்டிப் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். ஜீப்பையும் அம்பாசிடரையும் காகிதத்தில் எனக்கு நன்றாகத் தெரியும். எந்த வண்டி எப்போது கிளட்ச் மாற்றியது, எது பேட்டரியைத் தின்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

பழைய முறையைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு லாக் புக். புறப்படும்போது மீட்டர் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு, எங்கே போனது, யார் போனார், எத்தனை லிட்டர் போட்டது என எல்லாவற்றுக்கும் கையெழுத்து. அதோடு ஹிஸ்டரி ஷீட் என்று ஒன்று. மருத்துவமனையில் நோயாளிக்கு இருக்கிற சீட்டு மாதிரி, வண்டி வாங்கிய நாளிலிருந்து கண்டம் ஆகிற நாள் வரை நடந்த ஒவ்வொரு பழுதும் அதில் ஏறும். டயருக்குத் தனிப் பதிவேடு, பேட்டரிக்குத் தனிப் பதிவேடு. டயரின் எண்ணைக் குறித்து வைப்பதன் ரகசியம் பலருக்குத் தெரியாது. புது டயர் வெளியே போய், வழுக்கை டயர் அந்த இடத்தில் வந்து உட்காராமல் இருக்கத்தான்! இன்று மென்பொருள் விற்கிறவர்கள் புதுமை என்று காட்டுவதில் பாதி, அந்தப் பதிவேடுகளில் ஏற்கெனவே இருந்தது.

பதிவேட்டுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. அது தானாக வாய் திறக்காது. "ஆயில் மாற்ற வேண்டிய தூரம் தாண்டிவிட்டது" என்பது மூடிய நோட்டுக்குள் அடங்கிக் கிடக்கும். அதைப் பிரித்துப் பார்க்கிற குமாஸ்தா விடுப்பில் போனால் வண்டியின் ஞாபகமும் விடுப்பில் போய்விடும்.

மென்பொருள் இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் திறந்து, எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக், டயர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு வைக்கிறார்கள். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது. கெடு நெருங்கினால் பட்டறைக்கும் அலுவலகத்துக்கும் செய்தி போகும். வேலை முடிந்ததும் என்ன செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள், எவ்வளவு செலவு என்று பதிந்தால்தான் அந்தச் செய்தி அணையும்.

கிலோமீட்டர் மட்டும் போதாது என்பதையும் இது புரிந்து வைத்திருக்கிறது. தீயணைப்பு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்த இடம் ஐந்து கிலோமீட்டர். அங்கே போய் நின்றபடி நாலு மணி நேரம் எஞ்சின் ஓடி பம்பைச் சுழற்றும். மீட்டரில் ஏறுவது போக வர பத்து கிலோமீட்டர். எஞ்சினுக்கோ வயது கூடிவிட்டது. ஏ.சி. ஓடியபடி நிற்கும் ஆம்புலன்சும், மண் அள்ளும் இயந்திரமும் இப்படித்தான். இவற்றுக்கு எஞ்சின் ஓடிய மணிக்கணக்கில் கெடு வைக்க வேண்டும். எங்கள் லாக் புக்கில் அதற்குக் கட்டமே கிடையாது.

தேதிகள் வேறு இருக்கின்றன. இன்சூரன்ஸ், புகைச் சான்று, பர்மிட், எஃப்.சி. என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. பேருந்து, லாரி போன்றவற்றுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., அதற்குப் பிறகு ஆண்டுதோறும். என் அக்கா மகன் ஒரு பள்ளிக்கு ஒப்பந்தத்தில் சில பேருந்துகள் ஓட்டுகிறான். அவற்றின் தேதிகளையெல்லாம் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தான். டிசம்பர் முடிந்து காலண்டர் மாறினால் வட்டமும் போய்விடும். அவனுக்கு நான் சொன்ன யோசனை, "வாங்கடா" என்பதுதான்.

நம் புதுவைக்கு இது இன்னும் பொருந்தும். ஆட்சி ஒன்று, நிலம் நான்கு துண்டு. காரைக்கால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மாஹே கேரளக் கரையில். ஏனாம் ஆந்திரத்தில், கோதாவரிப் பக்கம், 800 கிலோமீட்டருக்கு மேல். வண்டி அங்கே நிற்கும், கோப்பு இங்கே இருக்கும். நான்கு ஊரும் கடற்காற்றுக்குப் பக்கம் என்பதால், ஓடாமல் நிற்கிற வண்டியும் அடியில் துருப்பிடித்துக்கொண்டேதான் இருக்கும். ஏனாமில் நிற்கிற வண்டியின் நிலை புதுவை மேசையில் அன்றைக்கே தெரிந்தால் நல்லதுதானே!

இவ்வளவும் ஆதரித்துச் சொன்னேன். இனி நான் தயங்குகிற இடம்.

நான் பணியில் இருந்தபோது நடந்தது. துறையின் பெயர் வேண்டாம். ஒரு டிரைவர், பிரேக் மிதித்தால் அடிவரை போகிறது என்று மூன்று முறை சொன்னார். இரண்டு முறை வாயால், ஒரு முறை துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அந்த ஜீப் ஒரு சிறுபாலத்தில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் மெமோ டிரைவருக்கு வந்தது, கவனக்குறைவு என்று. துண்டுக் காகிதத்தைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. அவர் பழுதைச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததே, விசாரிக்கலாம் என்று நான் கோப்பில் குறிப்பு எழுதினேன். "ஆதாரம் இல்லை" என்று ஓரத்தில் இரண்டு சொல் எழுதி மேலிடம் அதை மூடிவிட்டது. அவருக்கு ஓர் ஆண்டு இன்கிரிமென்ட் நின்றது. சம்பளத்தில் நின்றது பென்ஷன் வரை நிழலாக வரும் என்பது இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

ஆகவே எந்த மென்பொருளைப் பற்றிச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, அதில் டிரைவர் எழுத இடம் இருக்கிறதா என்பதுதான். அவர் சொன்ன பழுதுக்கு ஓர் எண், ஒரு தேதி, ஒரு நேரம் விழ வேண்டும். அதன் நகல் அவர் கைபேசியில் இருக்க வேண்டும். எழுத வராதவர் பேசிப் பதிவு செய்ய வழி வேண்டும். அப்படி இருந்திருந்தால் அந்த மனிதருக்கு மெமோ வந்திருக்காது. அதைவிட முக்கியம், ஜீப்பே மோதியிருக்காது.

பிரெஞ்சில் பராமரிப்புக்கு 'ஆந்த்ரெத்தியேன்' என்று சொல்வார்கள். அதே சொல்லுக்கு உரையாடல் என்றும் பொருள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதும் அதுதான், வண்டியைப் பேணுவதும் அதுதான். சின்ன வயதில் இது என்ன குழப்பம் என்று நினைத்ததுண்டு. வண்டிப் பிரிவுக்கு வந்த பிறகு அந்தச் சொல் சரியானது என்று புரிந்தது. கியர் மாற்றும்போது ஒரு முனகல், இடப்பக்கம் இழுக்கிற ஸ்டியரிங், காலையில் மட்டும் வருகிற வாசனை - இவற்றை மீட்டர் அறியாது. தினம் அந்த இருக்கையில் உட்காருகிறவர்தான் அறிவார். அவரிடம் பேச்சு நின்றால் பராமரிப்பும் நின்றதுதான்.

இரண்டாவது, செய்தி யாருக்குப் போகிறது? "பிரேக் லைனிங் மாற்றும் கெடு வந்துவிட்டது" என்று ஒருவரின் கைபேசி கத்துகிறது. அவருக்கு ஆயிரம் ரூபாய் செலவழிக்கவும் அதிகாரம் இல்லை என்றால்? மூன்று கொட்டேஷன் வாங்கி, கோப்பு மேலே ஏறி, நிதிப் பிரிவில் ஓர் உறக்கம் போட்டு இறங்கி வருவதற்குள் கைபேசி கத்திக் கத்தி ஓய்ந்துவிடும். பிறகு கத்தலுக்குக் காது பழகிவிடும். பிரேக், டயர், ஸ்டியரிங் இந்த மூன்றுக்கும் ஒரு தொகை வரை பட்டறைப் பொறுப்பாளரே அன்றைக்கே செலவழிக்கலாம் என்று உத்தரவு போடாமல் மென்பொருளை மட்டும் வாங்குவது வீண். கடியாரம் வாங்கிவிட்டு அடுப்பு வாங்காத சமையலறை மாதிரி. சாப்பாட்டு நேரம் தெரியும், சாப்பாடு இருக்காது.

மூன்றாவது, உள்ளே போகும் எண் உண்மையா? அந்த நாளில் "மீட்டர் வேலை செய்யவில்லை" என்ற வாக்கியம் மாதக்கணக்கில் லாக் புக்கில் ஓடும். கேபிள் அறுந்ததா, அறுக்கப்பட்டதா என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். இப்போது ஜி.பி.எஸ். இருக்கிறது. புதிய பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் 2019 முதல் கட்டாயம். தூரத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்லதே. ஆனால் அந்தக் கருவியை "டீ குடிக்க எத்தனை நிமிடம் நின்றாய்?" என்று கேட்கிற பிரம்பாக மாற்றினால், டிரைவர் வாய் மூடிக்கொள்வார். முதல் நிபந்தனை அங்கேயே செத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல், 15 வயது தாண்டிய அரசு வண்டிகள் சாலையில் ஓட முடியாது. பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு போன்றவற்றுக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஆயுள் இவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பதினைந்து ஆண்டில் எத்தனை ஆண்டு ஓடியது, எத்தனை ஆண்டு ஷெட்டில் தூசி குடித்தது என்பதுதான் இனிக் கேள்வி. அந்த வண்டிகள் மக்கள் பணத்தில் வாங்கியவை.

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைக்கிறோம். மனதுக்கு நிறைவான வழக்கம். மற்ற 364 நாளும் யாராவது அதன் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். குனிய வேண்டிய நாளை மென்பொருள் சொல்லும். குனிவது மனிதன் வேலை.

நம்மில் பலருக்குப் பேரப்பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் போகிறார்கள். காலையில் தெருமுனையில் கொண்டுபோய் ஏற்றிவிடுகிறவர்களும் நாம்தான். பெற்றோர் கூட்டத்தில் கேட்க மூன்று கேள்வி தருகிறேன். டிரைவர் சொன்ன பழுது எங்கே பதிவாகிறது? அதைச் சரிசெய்யச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? கடைசியாகப் பிரேக் பார்த்த தேதி எது? இதைக் கேட்க வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பதில் உடனே வந்தால், அது கம்ப்யூட்டரிலிருந்து வந்தாலும் சரி, நாற்பது பக்க நோட்டிலிருந்து வந்தாலும் சரி, பிள்ளையைத் தைரியமாக ஏற்றிவிடுங்கள். "பார்த்துச் சொல்கிறோம் சார்" என்றால் மறுநாளும் போய்க் கேளுங்கள். நமக்கு நேரத்துக்கா பஞ்சம்?