தீவனத்தை மாற்றும் முன் தட்டைத் தூக்கிக் கட்டுங்கள்

“மதினி, பத்துக் கோழிக்குத் தீவனம் மூட்டை மூட்டையாப் போகுது, முட்டைதான் கண்ணுல படலை. இதுகளை வித்துட்டு வேற இனம் வாங்கிரவா?” எதிர்வீட்டில் கேட்ட கேள்வி இது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் சாலையில் எங்கள் பக்கத்து ஊர்களில் எந்த வீட்டிலும் இதைக் கேட்கலாம். கோழியைக் குறை சொல்வார்கள், தீவனக் கடைக்காரரைக் குறை சொல்வார்கள். தீவனம் வைக்கும் பாத்திரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வீட்டு முற்றத்தில் பழைய எவர்சில்வர் பேசின் ஒன்று தரையில் கிடந்தது. அதில் கோபுரமாகத் தீவனம். ஒரு பெட்டை அதன் நடுவிலேயே ஏறி நின்று கிளறிக்கொண்டிருந்தது.

முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளைக்கு ஏறத்தாழ 100 கிராம் தீவனம். பத்துக் கோழிக்கு ஒரு கிலோ, மாதத்துக்கு 30 கிலோ. இதில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணில் போனால் 6 கிலோ. கிலோ 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 210 ரூபாய். நாட்டுக்கோழி முட்டை ஒன்று 14 ரூபாய்க்கு விலைபோகிறது என்றால் அது பதினைந்து முட்டைக்குச் சமம். நம் நாட்டுப்பெட்டை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். பத்துப் பெட்டையும் சேர்ந்து மாதத்துக்கு ஐம்பது, அறுபது முட்டை கொடுத்தால் பெரிது. அதில் கால்வாசியைத் தரையில் கொட்டிவிட்டு இனத்தின் மேல் பழி போடுகிறோம். ஐந்தில் ஒரு பங்கு என்பதும் கூட்டிச் சொன்ன கணக்கு அல்ல. தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் சிதறல் முப்பது விழுக்காடு வரை போகும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பினால் ஒரு விழுக்காட்டில் நிற்கும் என்பது கோழி வளர்ப்புப் பயிற்சிகளில் வழக்கமாகச் சொல்லித்தரும் பாடம்.

சந்தேகம் இருந்தால் பாத்திரத்துக்கு அடியில் ஒரு பழைய சேலையை விரித்து வையுங்கள். சாயங்காலம் அதை உதறி, எச்சத்தையும் சருகையும் சலித்து எடுத்துவிட்டு மிச்சத்தை எடை போட்டுப் பாருங்கள். எதிர்வீட்டில் அப்படிச் சலித்துத் தேறிய மாவைப் பார்த்தபின் வேறு இனம் வாங்கும் பேச்சு அடங்கிவிட்டது.

கோழி ஏன் இறைக்கிறது? அது கெட்ட குணத்தால் வந்ததல்ல. சிறுமலைக் காட்டில் காட்டுக்கோழி சருகைக் காலால் விலக்கி, அலகால் புரட்டி, விதையையும் கரையானையும் தேடித்தேடித்தான் தின்னும். நம் வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை வடக்கே உள்ள செங்காட்டுக்கோழி. ஆனால் அதன் மஞ்சள் காலுக்கான மரபணு நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. எந்த வழியில் பார்த்தாலும் கிளறித் தின்னும் வம்சம். தட்டில் மாவாக வைத்தாலும் அந்த அலகு பக்கவாட்டில் அடித்துத் தள்ளத்தான் செய்யும். பெரிய துணுக்குகளைத்தான் கோழி முதலில் பொறுக்கும். மஞ்சள் மக்காச்சோளக் குருணைக்காக நுண்ணிய பொடியை ஒதுக்கிவிடும். கம்பெனித் தீவனத்தில் வைட்டமினும் தாது உப்பும் இருப்பது அந்தப் பொடியில்தான். காசு அதிகம் கொடுத்து வாங்கியது எதுவோ அதுவே மண்ணுக்குப் போகிறது. எனக்கு இதில்தான் மனம் ஆறுவதில்லை.

தானியத்தை இறைப்பது வேறு விஷயம். “இறைச்சுப் போட்டாத்தானே கோழி தின்னும், எங்க அப்பத்தா அப்படித்தான் வளர்த்துச்சு” என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கம்பையும் சோளத்தையும் பெருக்கிய வாசலில் இறைத்தால் கோழி கடைசி மணி வரை பொறுக்கிவிடும். காலுக்கும் அலகுக்கும் வேலை கிடைக்கும், ஒன்றையொன்று கொத்திக்கொள்வதும் குறையும். அப்பத்தா காலத்தில் மாவுத் தீவனம் இல்லை. மண்ணோடு கலந்த மாவைப் பொறுக்க எந்தக் கோழியாலும் முடியாது. முழுத் தானியத்துக்கு வாசல் போதும், மாவுக்குப் பாத்திரம் வேண்டும்.

பாத்திரம் என்றதும் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் வாங்க வேண்டியது ஒரு முழக் கயிறு. வீட்டில் கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் தீவனத் தட்டையே, அதன் விளிம்பு நின்றுகொண்டிருக்கும் கோழியின் முதுகு மட்டத்துக்கு வருமாறு தொங்கவிடுங்கள். தரையில் இருக்கும் தட்டில் கோழி கால் வைத்துக் கிளறும். முதுகு மட்டத்தில் தொங்கினால் அலகை மட்டும்தான் நீட்ட முடியும். குஞ்சு வளர வளரக் கயிற்றை ஏற்றிக் கட்ட வேண்டும். தட்டில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் தீவனம் நிற்கக் கூடாது. பொடி வரை தின்று தீர்த்தபின் அடுத்ததைப் போடுங்கள். இவ்வளவு செய்தாலே சிதறலில் பெரும்பகுதி நின்றுவிடும். நான் காசு செலவழிக்கச் சொல்வது இதற்குப் பிறகுதான்.

நாலு அங்குல பி.வி.சி. குழாயை நிமிர்த்தி, அடியில் ‘ஒய்’ இணைப்பு வைத்துச் சுவரில் கட்டும் முறை பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. வாய் அகலம் என்பதால் அலகால் வாரி வெளியே தள்ள இடம் இருக்கிறது. அடிமூடிக்குள் பொடி தங்கும், மழைக்காலத்தில் அங்கேயே கட்டியாகிப் பூஞ்சணம் பிடிக்கும், கையும் எட்டாது. கோழி மிதித்தால் மூடி திறக்கும் தகரப் பெட்டி எலிக்கும் காக்கைக்கும் நல்ல காவல். ஆனால் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எடையுள்ள சிறுவிடைப் பெட்டை மிதித்துத் திறக்கும்படி அது அமைந்திருக்க வேண்டும். கனமான சீமைக் கோழிகளுக்கென்று செய்த பெட்டி நம் கோழிக்குத் திறக்காது. குஞ்சுக்கு எந்தப் பெட்டியும் உதவாது.

நான் எல்லோருக்கும் சொல்வது எல்போ வாளி. மூடி போட்ட இருபது லிட்டர் வாளி ஒன்று போதும். பெயிண்ட் வந்த வாளி வேண்டாம், ஊறுகாயோ எண்ணெயோ வந்த வாளியாக இருக்கட்டும். பிளம்பிங் கடையில் 75 மில்லிமீட்டர் எல்போ மூன்று, நான்கு வாங்குங்கள். பெருவிடைச் சேவல் இருக்கும் வீட்டுக்கு 90 அல்லது 110 மில்லிமீட்டர். வாளியின் பக்கத்தில் அந்த அளவுக்கு ஓட்டை போட்டு, எல்போவின் ஒரு வாய் வெளியே பார்க்க, மறு வாய் வாளிக்குள் கீழ்நோக்கி இறங்குமாறு செருக வேண்டும். உள்வாய்க்கும் வாளியின் அடிக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி போதும். கோழி தலையை உள்ளே விட்டுக் கீழே குனிந்து தின்னும். பக்கவாட்டில் அடிக்க இடமில்லை. அலகிலிருந்து நழுவுவதும் உள்ளேயே விழும். அடியில் இரண்டு செங்கல் வைத்து வாய் கோழியின் மார்பு உயரத்துக்கு வருமாறு நிறுத்துங்கள். முதல் நாள் பழகாத கோழிக்கு வாயின் விளிம்பில் நாலு சோளக் குருணை வைத்தால் தானாகத் தலையை விட்டுவிடும். ஒன்று கற்றால் மற்றவை பார்த்துக் கற்கும்.

பத்துக் கோழிக்கு மேல் இருந்தால் ஒரே வாளியில் வாய்களைக் கூட்டாமல் இரண்டாவது வாளியைத் தள்ளி வையுங்கள். எல்லாக் கூட்டத்திலும் அதட்டும் பெட்டை ஒன்று இருக்கும். அது ஒரு வாளியைக் காத்தால் எளியவை இன்னொன்றில் தின்னும். வாளி கொள்ளும் மட்டும் நிரப்பாமல் மூன்று, நான்கு நாளைக்கு உள்ளதைப் போட்டால் போதும். கூரைக்கு அடியில்தான் வைக்க வேண்டும். நைசான மாவு சில நேரம் உள்ளே பாலம் கட்டி இறங்காமல் நிற்கும். காலையில் வாளியை ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும். ஒரு மாதத்துக் குஞ்சுகளுக்கு இந்த வாளி கூடாது. அவற்றுக்குத் தாழ்ந்த நீளத் தட்டு, மேலே ஏறி நிற்காதபடி கம்பி போட்டது.

சிதறிய தீவனத்தின் விலை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ராத்திரி அந்த மாவுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். பகலில் புறாவும் காக்கையும் வரும். வெள்ளைக்கழிச்சல் கிருமியைச் சுமந்து வரக்கூடியவற்றில் புறாவும் ஒன்று. ஈரத்தில் கிடந்த மாவில் பூஞ்சணம் பிடிக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற பெயர் அதன் பிறகே வந்தது. நம் வீடுகளிலும் கடலைப் புண்ணாக்கும் மக்காச்சோளமும்தான் தீவனம். கஞ்சித் தண்ணீரில் தவிட்டைப் பிசைந்து வைக்கும் பழக்கம் நல்லது, பொடி பறக்காது, கோழி பிரித்துப் பொறுக்கவும் முடியாது. வைத்த சிறிது நேரத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் பிசைய வேண்டும். வெயிலில் மத்தியானம் வரை கிடந்து புளித்த தவிட்டுச் சட்டியைப் பார்த்தால் நான் கேட்காமலேயே எடுத்துக் கழுவிவிடுவேன்.

தமிழ்நாட்டு அரசு பெண்களுக்கு நான்கு வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளைப் பாதி மானியத்தில் கொடுத்திருக்கிறது. நல்ல திட்டம், எங்கள் பக்கத்து வீடுகளுக்கு ஏற்ற திட்டம். நாற்பது குஞ்சும் வளர்ந்து நாளைக்கு மூன்று, நான்கு கிலோ தின்னும்போது, அந்தப் பெண்ணின் கையில் லாபம் நிற்பதும் நிற்காததும் பாத்திரத்தைப் பொறுத்தது. குஞ்சு கொடுக்கும் நாளிலேயே, தடுப்பூசியைப் பற்றிச் சொல்லும் அதே வாயால், தட்டை எந்த உயரத்தில் கட்டுவது, எவ்வளவு நிரப்புவது என்பதையும் ஒரு கோழியை நிறுத்திக் காட்டிவிட வேண்டும். ஓட்டை போடும் வட்ட ரம்பம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்காது, பிளம்பரிடம் இருக்கும். மகளிர் குழு ஒன்று வாளிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு உள்ளூர் பிளம்பரை ஒரு மத்தியானம் கூப்பிட்டால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் வேலை முடிந்துவிடும்.