ஒரே பிள்ளை, இரண்டு உயரம்

விடுமுறைக்கு தீம் பார்க் போகும் குடும்பங்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். பல பார்க்குகளில் டிக்கெட் விலை பிள்ளையின் உயரத்தைப் பொறுத்தது. கவுன்டர் அருகே, "கொஞ்சம் முட்டியை மடக்கி நில்லுடா" என்று அப்பா கிசுகிசுப்பார். அரை மணி நேரம் கழித்து ரோலர் கோஸ்டர் வாசலில் அதே பிள்ளையிடம், "குதிகாலைத் தூக்குடா!"

முதல் பொய்யில் மிச்சமாவது கொஞ்சம் பணம். இரண்டாவது அப்படியல்ல. இடுப்பையும் தோளையும் அழுத்திப் பிடிக்கும் கம்பி ஒரு குறிப்பிட்ட உடல் அளவுக்குச் செய்யப்பட்டது. உடம்பு சிறியதானால் இடைவெளி விழும். வண்டி திரும்பும் வேகத்தில் பிள்ளை நழுவலாம். இதை இப்படியே சொன்னால் 6 வயதுக்கும் புரியும். அழுகை வரும்தான், வரட்டும்.

வெளியே நின்று பார்க்கவும் நிறைய இருக்கிறதே! பெரும்பாலான ரோலர் கோஸ்டர் பெட்டிகளில் இன்ஜின் கிடையாது. சங்கிலி உச்சிவரை இழுத்துவிடும். மீதி ஓட்டம் புவியீர்ப்பின் வேலை. உராய்விலும் காற்றிலும் சக்தி கரைந்துகொண்டே போவதால், சங்கிலி ஏற்றிவிடும் அந்த முதல் மேட்டைவிட உயரமாக அடுத்த மேடுகள் இருக்க முடியாது. "அடுத்த மேடு ஏன் சின்னதா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா சும்மா இருந்தால் போதும். பதிலை அவசரப்பட்டுச் சொல்ல வேண்டாம்.

கப்பல் ஊஞ்சலுக்குப் போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. கூட்டம் நிறைந்திருந்தாலும் பாதி காலியாக இருந்தாலும், ஒருமுறை போய்வர ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். நம்பாத பிள்ளை அடுத்த ஆட்டத்தையும் அளக்கும்.