யார் கை பட்ட நிப்பட்டு?

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கருத்தரங்கு எதற்கும் போகவில்லை. காலையிலிருந்து இரவு வரை வீட்டில் பிள்ளைகளோடு அடுப்படியில் இருந்தேன். கேட்ட தோழர் ஒருவர் சிரித்தார். "களப்பணிக்கு லீவா அண்ணே?" என்றார். அவருக்கான பதிலாகவும் இதை எழுதுகிறேன்.

காவேரிப்பட்டினத்துக்காரர்களுக்கு நிப்பட்டு என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. வெளியூர்த் தோழர்கள் தட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, உடைத்த வேர்க்கடலை, எள், மிளகாய்த்தூள், கறிவேப்பிலை போட்டு, சூடான எண்ணெய் கொஞ்சம் ஊற்றிப் பிசைய வேண்டும். நான் தண்ணீரைக் கூடுதலாக விட்டுவிட்டேன். பையன்தான் மாவு சேர்த்துச் சரி செய்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது, என் மகளுக்குப் பத்து. அவள் பிளாஸ்டிக் தாளில் வைத்துத் தட்டியவை ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

மதியத்துக்கு மேல் கேக். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. குக்கர் அடியில் உப்பைக் கொட்டி, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, கேழ்வரகு மாவும் வெல்லமும் முட்டையும் கலந்த கிண்ணத்தை உள்ளே வைத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. அடி தீய்ந்துவிட்டது, மேலே நன்றாகவே இருந்தது. ஓசூர் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு 'ஐயங்கார் பேக்கரி' பலகை பார்க்கலாம். நம் சாதிப் பெயரைப் போட்டு ஒருவர் பேக்கரி திறந்தால் பன் விற்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

நிப்பட்டு ஆறியதும் மகள் கேட்டாள்: "அப்பா, இதை ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போய் எல்லாருக்கும் தரட்டுமா?" நான் வாய் திறக்கும் முன்பே அண்ணன்காரன் "வேணாம்" என்றான். காரணம் சொல்லவில்லை. இரண்டு வருடம் முன்பு அவன் கொடுத்த டப்பாவை, "அம்மா உங்க வீட்டுல வாங்கக் கூடாதுன்னு சொன்னாங்க" என்று கூட்டாளி ஒருவன் திருப்பிக் கொடுத்தது எனக்குத் தெரியும். அன்று பள்ளிக்குப் போய்ப் பேசியிருக்க வேண்டும். ஏதோ ஒரு ஆர்ப்பாட்ட வேலையில் இருந்தேன். போகவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2018-ல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்கு வந்த தலித் சத்துணவுச் சமையலரை ஆதிக்க சாதியினர் சமைக்க விடவில்லை. அதிகாரிகள் அவரைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் வெடித்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. 2023-ல் காலை உணவுத் திட்டம் விரிவான சில நாட்களிலேயே கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரில் அதே மறுப்பு. மாவட்ட ஆட்சியரே நேரில் போய்ச் சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதே செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியிலிருந்தும் செய்தி வந்தது, கனிமொழி போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிய எட்டயபுரம்தான் அது!

சட்டம் இல்லாமல் இல்லை. பி.யூ.சி.எல். தொடுத்த உணவு உரிமை வழக்கில், பள்ளிச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20 அன்றே உத்தரவிட்டது. நியமனத்துக்கு உத்தரவு போடலாம். ஆறு வயதுப் பிள்ளை தட்டைத் தள்ளி வைப்பது வேறு விஷயம். அந்தப் பிள்ளைக்குச் சாதியைச் சொல்லிக் கொடுத்தது எந்தப் பாடப் புத்தகமும் இல்லை, அதன் வீட்டு அடுப்படி. நம் பிள்ளைக்கு வெட்கத்தைச் சொல்லிக் கொடுப்பதும் அதே டப்பாதான்.

அப்படியிருக்க, நாம் மட்டும் அடுப்படியை அரசியல் இல்லாத இடமாக ஏன் விட்டுவைத்தோம்? ஏப்ரல் 14-க்கு இருநூறு பேருக்குப் பிரியாணி போடுகிறோம். வெங்காயம் உரிப்பது யார்? அக்காக்களும் அம்மாக்களும். மைக் நம் கையில். நானும் இருபது வருடம் அப்படித்தான் இருந்தேன். என் பையனுக்கு அம்பேத்கர் எழுதியதைப் படித்துக் காட்டியிருக்கிறேன், மாவு பிசையக் கற்றுத் தந்ததில்லை. அவன் பாட்டி உப்புக்கண்டம் போடும் பக்குவம் எனக்கே தெரியாது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு வெட்கப்பட்டு, கேட்காமலே விட்டுவிட்டேன். பாட்டி இப்போது இல்லை.

திங்கட்கிழமை மகள் பன்னிரண்டு நிப்பட்டு எடுத்துப் போனாள். மாலையில் நான்கு மிச்சம் வந்தது. "எட்டுப் பேர் சாப்பிட்டாங்க, இன்னும் காரம் வேணுமாம்" என்றாள். அந்த நான்கைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பையன் ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை. ஆனால் புதன்கிழமை அவன் வகுப்பாசிரியரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன், அந்தப் பழைய டப்பா விஷயத்தைப் பேச.

வரும் ஞாயிறும் எங்கள் காலனியில் அடுப்பு எரியும், பதினைந்து பிள்ளைகள் வருகிறார்கள். வருகிற தோழர்கள் ஆளுக்கு அரைக் கிலோ அரிசி மாவு கொண்டுவாருங்கள். ஆண் தோழர்கள் முன்கூட்டியே வரவும், கடலை உடைக்க ஆள் வேண்டும்.